பல்லால் மடித்த தவளை

பள்ளியில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியும் அவளுக்குப் பெயர் 'புதுசு'தான். புதுச் செருப்பைக்கூட யாரும் அத்தனை நாள் புதுசு என்று சொல்ல மாட்டார்கள்.

"புதுசு, கொஞ்சம் நகரு." வகுப்பில் அதோடு பேச்சு முடிந்துவிடும்.

"இன்னைக்கு யாரோட பேசினே?" என்று வீட்டில் அம்மா கேட்பாள்.

"எல்லாரோடயும்" என்று சொல்லிவிட்டு, முகம் கழுவப் போவதுபோல் குளியலறைக்குள் போய்விடுவாள்.

அன்று ஓவிய வகுப்பு. ஆசிரியர் காலையில்தான் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். ஒரு கன்னம் பந்துபோல வீங்கியிருந்தது. வாய் நிறையப் பஞ்சு. காகிதத் தவளை செய்யச் சொல்லித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்ததால் லீவு போடவில்லை.

பச்சைத் தாளை எடுத்து முதலில் மேடாக மடிக்கச் சொன்னார். மடிப்பு கூரைபோல மேலே நின்றது. அடுத்து அதை மறுபக்கமாக, பள்ளமாக மடிக்க வேண்டும்.

"இப்போ பல்லா... மடிங்க!"

'பள்ளமா' என்றுதான் அவர் சொன்னார். பாதியைப் பஞ்சு விழுங்கிவிட்டது. சொல்லிவிட்டுப் பலகையில் படம் வரையத் திரும்பினார்.

முதல் பெஞ்சில் வகுப்பு லீடர். ஆசிரியர் சொல்லுக்கு அவளிடம் மறுபேச்சே கிடையாது. தாளை வாயில் வைத்துப் பல்லால் நறுக்கென்று மடித்தாள்.

"ஐயோ, லீடர் தாளைத் திங்கிறா!"

"எலி! எலி!"

வகுப்பே சிரித்தது. லீடரின் கண்கள் நிறைந்துவிட்டன.

முன்னால் இருந்த பெண் திரும்பி, "புதுசு, பாத்தியா? எலி!" என்று கண்ணடித்தாள்.

மூன்று வாரத்தில் அவளைப் பார்த்து யாரும் கண்ணடித்ததில்லை. சேர்ந்து சிரித்தால் போதும், நாளைக்கே சாப்பிடும்போது 'இங்க வா' என்று கூப்பிடுவார்கள். சிரிப்பு அவள் தொண்டை வரை வந்துவிட்டது.

ஆனால் லீடரின் முகத்தைப் பார்த்தாள். யாரும் துணைக்கு இல்லாத முகம். அது அவளுக்குத் தெரியாதா என்ன? தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்தானே!

அவளுடைய தாள் ஏற்கெனவே பள்ளமாக, சரியாக மடிந்திருந்தது. அதை எடுத்து எல்லோரும் பார்க்க நறுக்கென்று கடித்தாள்.

"சார், பல்லால மடிச்சா நல்லாப் படியுது சார்!"

சிரிப்பு இரண்டு மடங்கானது. முன்னால் இருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆசிரியர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். "பல்லாலயா? பள்ளம்மா, பள்ளம்! குழின்னு வச்சுக்கோங்க. ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது!"

மணி அடித்ததும் லீடர் வாசலில் காத்திருந்தாள்.

"உன்னோடது சரியாத்தான் இருந்துச்சு. நான் பாத்தேன். அப்புறம் எதுக்குக் கடிச்சே?"

"பசிச்சுது."

லீடர் குபீரென்று சிரித்துவிட்டாள். சேர்ந்தே படி இறங்கினார்கள்.

"டேய், வழி விடுங்க! ரெண்டு எலியும் வருது!" என்று கீழே ஒருவன் கத்தினான்.

லீடருக்குக் கோபம் வந்தது. புதுசுக்கு வரவில்லை. எலியோ பூனையோ, 'ரெண்டு' என்று சொன்னானே, அது அவளுக்குப் போதும்.