நாற்பது மடங்கு லென்ஸ்

பிற்பகல் 2.40.

ஆய்வகக் கதவைத் திறந்த லேப் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். மேசை மேல் புது நுண்ணோக்கி. அதன் தட்டில் ஸ்லைடு நொறுங்கிக் கிடந்தது. நாற்பது மடங்கு லென்ஸ் அந்த நொறுங்கலுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. மேசைக்கு இடப்பக்கம் ஜன்னல், வலப்பக்கம் ஒரு மேசை விளக்கு. விளக்கு அணைந்திருந்தது.

இருபத்திரண்டு வருடமாக அங்கே குடுவை கழுவுகிறவள் அவள். மற்றவர்கள் நாலு வார்த்தை பேசும் இடத்தில் ஒன்று பேசுவாள். உடனே உயிரியல் வாத்தியாருக்கு ஆள் அனுப்பினாள்.

2.50. உயிரியல் வாத்தியார் ஓடி வந்தார். தலையிலும் முகத்திலும் ஒரு முடிகூட இல்லாத மனிதர். பதினொன்றரையிலிருந்து தேர்வு மண்டபத்தில் அறுபது பிள்ளைகளுக்குக் காவல் இருந்துவிட்டு நேராக வந்திருந்தார். காலை பத்தரை வகுப்பில்தான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முதல்முறையாக அந்த நுண்ணோக்கியைத் தொட்டிருந்தார்கள். மின்சாரம் இல்லை. ஒன்பதரைக்குப் போனது பன்னிரண்டேகாலுக்குத்தான் வந்தது. "கரண்ட் எதுக்கு? அடியில இருக்கிற கண்ணாடிய வெளிச்சத்துப் பக்கம் திருப்புங்க, போதும்" என்று ஜன்னலை நம்பியே பாடத்தை முடித்திருந்தார். ஆளுக்கு ஒரு நிமிடம், வெங்காயத் தோல். குழலைச் சட்டென்று இறக்கும் பெரிய திருகைத் தொடவே கூடாது, சின்னதை மட்டும்தான் என்றும் சொல்லியிருந்தார். 11.05க்கு அக்கா கதவைப் பூட்டினாள்.

கடைசியாக நுண்ணோக்கியில் பார்த்த பெண்ணை வகுப்பிலிருந்து கூட்டி வந்தார்கள்.

"பெரிய திருகத் திருப்பினியா?"

"தொடவே இல்ல சார். சின்னதுதான்."

"பின்ன தானா இறங்கி உடைஞ்சுதா?"

அவள் மேசையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பொய் வேறயா? பேசாத."

3.05. ஒலிபெருக்கியில் தலைமையாசிரியர் அவள் பெயரைப் பள்ளி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நுண்ணோக்கியை உடைத்தவள். இனி ஆய்வகத்துக்குள் நுழையக் கூடாது. அடுத்த வருடம் அறிவியல் பிரிவும் கிடையாது.

அக்கா துடைப்பத்தை எடுத்தாள். பெருக்காமல் நின்றாள். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் குனிந்தாள். வெங்காயத் தோல் ஸ்லைடு, சீட்டு ஒட்டியபடி, பெட்டியில் முழுசாக இருந்தது. அப்படியானால் உடைந்தது வேறு ஸ்லைடு. சில்லுகளுக்கு நடுவே ஒரு முடி. விரல் நகத்தளவு, தடித்தது.

மூலையில் இருந்த பழைய நுண்ணோக்கியை இழுத்தாள். முடியை வேறொரு ஸ்லைடில் வைத்தாள். துடைத்தே பழகிய கை. கண்ணை வைத்ததில்லை. கழுவுகிறவளுக்கு அது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவும் இல்லை. ஆனால் பாடம் முழுக்கக் காதில் விழுந்திருந்தது. பக்கவாட்டில் பார்த்தபடியே குழலை இறக்கினாள். பிறகு கண்ணை வைத்து மெல்ல ஏற்றினாள். மங்கல் விலகியது. கயிறு மாதிரி ஒரு முடி. வேர்ப்பக்கம் கண்ணாடிபோல வெளுப்பு. மீதியெல்லாம் தார் பூசிய கறுப்பு.

3.20. வாத்தியாரைக் கூப்பிட்டாள்.

"காலைல யாராச்சும் இந்த விளக்கப் போட்டாங்களா சார்?"

"கரண்டே இல்லையேக்கா."

"அப்ப அடிக்கண்ணாடி ஏன் வலது பக்கம், விளக்கப் பாத்துத் திரும்பியிருக்கு?"

அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவள் விடவில்லை.

"பன்னண்டேகாலுக்கு அப்புறம் யாரோ பாத்திருக்காங்க. அப்ப கதவு பூட்டியிருந்துச்சு. உங்களுக்குத் தெரியும். வந்ததுமே கண்ணாடியப் பாத்தீங்க."

"பாத்தேன்," என்றார் வாத்தியார். "ஒரு சாவி உங்ககிட்ட. இன்னொண்ணு ஹெட்மாஸ்டர் மேசையில. நான் என்னத்தச் சொல்ல?"

"நான்தான் உடைச்சேன்னு நீங்களே சொல்லியிருக்கலாமே! அதுலகூட ஒரு மரியாதை இருக்கும். பதினாலு வயசுப் பிள்ள தலைல கட்டிட்டீங்களே."

3.40. தலைமையாசிரியர் அறை. நரைத்த தலைக்குக் கீழே கருகருவென்று மீசை. அவள் ஒரு காகித மடிப்பை மேசையில் வைத்தாள்.

"என்ன இது?"

"உங்க முடி சார்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"ஒரு மணிக்கு ரெண்டு விருந்தாளிங்க வந்தாங்க. வாசல்ல எல்லாரும் பாத்தாங்க. புது மைக்ராஸ்கோப்பக் காட்டக் கூட்டிட்டுப் போனீங்க. புதுசா ஒண்ணு கைல கெடச்சா யாருமே மொதல்ல தன் முடியத்தான் பிடுங்கிப் பாப்பாங்க. விளக்கப் போட்டீங்க, கண்ணாடியத் திருப்பினீங்க. பெரிய லென்ஸ வச்சுட்டுப் பெரிய திருகத் திருப்பினீங்க. போறப்ப விளக்க அணைச்சீங்க. கண்ணாடியத் திருப்பி வைக்கணும்னு தோணல."

"ஊர்ல வேற யாரும் மீசைக்குச் சாயம் பூசறதில்லையா?"

"பூசறாங்க. அவங்ககிட்ட ஆய்வகச் சாவி இல்ல."

தலைமையாசிரியர் மீசையைத் தொடப் போன கையை இறக்கிக்கொண்டார்.

"சரி, விடும்மா. நாளைக்கு அந்தப் பொண்ணக் கூப்பிட்டு மன்னிச்சுட்டேன்னு சொல்லிடறேன்."

"மன்னிக்கிறதா? நீங்களா?" அவள் குரல் அந்தக் கட்டடத்தில் முதல்முறையாக உயர்ந்தது. "லென்ஸ் உடைஞ்சா இன்னொண்ணு வாங்கலாம் சார். கை தவறாத மனுஷன் யாரு? ஆனா நீங்க மைக்க எடுத்து அவ பேரச் சொன்னது கை தவறியா?"

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"கண்ணாடிய நானும் பாத்தேன் சார்." வாசலில் உயிரியல் வாத்தியார் நின்றிருந்தார். "எழுதிக் குடுக்கச் சொன்னாலும் குடுப்பேன்."

3.55. ஒலிபெருக்கி கரகரத்தது. "நுண்ணோக்கி உடைந்தது மாணவியால் அல்ல." அக்கா அவர் மேசை முன்னாலிருந்து நகரவில்லை. "என்னால்."

4.10. அந்தப் பெண் ஆய்வக வாசலுக்கு வந்தாள். அழுது முடித்த கண்கள். ஆனால் இப்போது அவற்றில் அழுகை இல்லை.

"உள்ள வாம்மா," என்றார் வாத்தியார். "என்னை மன்னிச்சிரு. ஹெட்மாஸ்டர் பண்ணதுன்னு எனக்கு உறுதியாத் தெரியல."

"நான் பண்ணலன்னு தெரியும்ல சார். கண்ணாடி விளக்குப் பக்கம் இருந்துச்சு. நானும் பாத்தேன். நீங்களும் பாத்தீங்க. அதச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன்."

வாத்தியார் தரையைப் பார்த்தார். அவள் அக்காவிடம் திரும்பினாள்.

"அடுத்த வகுப்பு எப்பக்கா?"

"நாளன்னிக்குப் பத்தரைக்கு."

"வருவேன்," என்றாள், கோபம் ஒரு துளியும் இறங்காத குரலில்.