எல்லோருக்கும் திறந்த பாடம்

தீர்ப்புச் சொல்லும் இயந்திரமான நடுவிக்கு முகம் கிடையாது. தீர்ப்பகத்தின் கூரையிலிருந்து குரல் மட்டும்தான் வரும். சாட்சிக் கூண்டில் நின்ற துளசிமணி எங்கே பார்த்துப் பேசுவதென்று தெரியாமல் அண்ணாந்தாள்.

தூத்துக்குடியில் ஒரு மீன் குளிர்கிடங்கில் அமோனியா கசிந்து, செபஸ்தியான் என்ற தொழிலாளி செத்துப்போயிருந்தான். அவனுக்காகப் பேசத்தான் தன்னை அழைத்திருக்கிறார்கள் என்று நம்பி வந்திருந்தாள், அந்த ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை.

"இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் முதல் திறந்த பாடத்தைப் பதிவேற்றியவர் நீங்கள்தானே?" என்று கேட்டது நடுவி.

"ஆமாம்."

கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்காக, விடுமுறையில் காலியாகக் கிடந்த ஆய்வகத்தில், கைப்பேசியைச் செங்கல்மேல் சாய்த்து வைத்து அவள் நடத்திய பாடம் அது. அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் பாடங்களைத் திறந்துவிட்டார்கள். இன்று எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் மதில் இல்லை.

"அமோனியாவிலிருந்து தப்பும் முறை அதில் உண்டா?"

"உண்டு."

"யார் வேண்டுமானாலும் கற்கலாமா?"

"யார் வேண்டுமானாலும். இலவசம்தான்." சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அறிந்தோர் சட்டப்படி, இலவசமாகக் கிடைக்கும் அறிவை எல்லோரும் பெற்றவராகவே கொள்ள வேண்டும். கற்காதது இறந்தவரின் பிழை. நிறுவனம் குற்றமற்றது."

"ஐயோ, நான் சொல்ல வந்தது..."

ஒலிவாங்கி அணைந்துவிட்டது.

தாழ்வாரத்தில் செபஸ்தியானின் மனைவி அமலோற்பவம் வழிமறித்தாள். திட்டப்போகிறாள் என்று துளசிமணி தலை குனிந்தாள்.

"டீச்சர், அமோனியா அடிச்சா என்ன செய்யணும்னு உங்க பாடத்துல இருக்கு?"

"ஈரத்துணியால மூக்கைப் பொத்திக்கிட்டு உடனே வெளிய ஓடணும்மா."

"அவரும் அதைத்தான செஞ்சாரு. மூஞ்சில ஈரத்துண்டோட கதவுகிட்டதான் கெடந்தாரு. மேலாளர் விரல் வச்சாத்தான் அந்தக் கதவு திறக்கும்."

துளசிமணி தலை நிமிர்ந்தாள். "இதை யாரும் உங்ககிட்ட கேக்கலையா?"

"யாரு கேட்டா? நாளையிலேர்ந்து அவரு இடத்துல எனக்குத்தான் வேலை. அந்தக் கதவைத் திறக்க ஏதாச்சும் பாடம் இருக்கா டீச்சர்?"

துளசிமணி திரும்பி ஓடினாள். தீர்ப்பகத்தின் கதவை இரண்டு கைகளாலும் தள்ளித் திறந்தாள்.

உள்ளே அடுத்த வழக்கு தொடங்கியிருந்தது. கூண்டில் வேறொரு பேராசிரியர் நிமிர்ந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆமாம். யார் வேண்டுமானாலும் கற்கலாம்."