வாய்க்கால் பாலத்து நீலப் புள்ளி

ஆற்றுப்பாலம் இறக்கத்தில் கார் தானாக வேகம் குறைத்தது. முன்னால் எதுவும் இல்லை. மாலினி எப்போதோ அந்த இடத்தில் பயந்திருக்கிறாள். அவள் இறந்து ஓராண்டு தாண்டிவிட்டது. கார் இன்னும் பயந்துகொண்டிருந்தது.

அவள் கணவன் திருக்குமரன் ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். ஓட்டுபவர் செய்ய வேண்டியது இப்போதெல்லாம் அவ்வளவுதான். உள்ளங்கை வியர்வையையும் நாடியையும் ஸ்டியரிங் படிக்கும். கை எங்கே, எதைக் கண்டு அஞ்சியது என்பதை மீட்டர் பலகைக்குள் இருக்கும் அச்சச் சில்லு எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கை அஞ்சுவதற்கு முன்பே வண்டி அஞ்சும். சில்லு வந்த பிறகு எங்காவது ஒரு விபத்து நடந்தால் அது தலைப்புச் செய்தி.

சட்டம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. புது வண்டி கொஞ்ச காலம் ஊர்ந்து ஊர்ந்து கற்றுக்கொள்ளலாம். அதன் பிறகும் சில்லு வெறுமையாக இருந்தால் வண்டி நகராது.

மாலினி ஒரு காய்ச்சலில் போனாள். அதற்குப் பின் அவன் வாங்கிய புது வண்டி அவன் கையிலிருந்து எதையும் கற்கவில்லை. ஒருமுறை லாரி நேராக முகத்துக்கு வந்தது. நாடி ஏறவில்லை. கற்றல் காலம் முடிந்து வண்டி நின்றுவிட்டது. கம்பெனி ஆள் வந்து ஸ்டியரிங்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கில் கோளாறு இல்லை என்று சொல்லிப் போனான்.

அதிலிருந்து மாலினியின் வண்டிதான். செல்வபுரத்தில் நாய்கள் படுத்திருக்கும் சந்தில் அது தயங்கும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ரேஸ்கோர்ஸில் ஒதுங்கும். பேரூர் சாலை வாய்க்கால் பாலத்தில் ஏறக்குறைய நின்றேவிடும். அது ஏன் என்று அவனுக்குத் தெரியாது. இறங்கியும் பார்த்திருக்கிறான். தண்ணீர், இரண்டு எருமைகள், ஒரு கைப்பிடிச் சுவர். அவளைப் பற்றி அவனுக்குத் தெரியாமல் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அலுவலகத்துக்கு அது சுற்று வழி. தினமும் அப்படியே போனான்.

பிறகு மீட்டர் பலகை இருண்டது. அந்த மாடல் பலகை இப்போது வருவதில்லை; புது மாடல்தான் கிடைக்கும். புதுப் பலகை வாங்கினால் அதில் வெறும் சில்லு ஒன்றைப் பற்றவைத்தே தருவார்கள். பழைய சில்லை நகலெடுக்கவும் வழியில்லை. படிக்க முயன்றால் அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். சூடேற்றிப் பெயர்த்து, புதுப் பலகையில் வைத்துப் பற்றவைக்க வேண்டும். சூடு மிஞ்சினால் சில்லு செத்துவிடும்.

உக்கடத்தில் ஜாபருக்கு அதுதான் தொழில். இருவரும் ஒரே கல்லூரி, ஒரே பெஞ்சு. சில்லைப் பெயர்க்கும்போது வண்டிக்காரரை டீ குடிக்க அனுப்பிவிடுவது அந்தப் பக்கத்துப் பட்டறைகளின் வழக்கம். அவர்கள் நிற்கும் நிலையைப் பார்த்தால் இடுக்கி பிடித்த கை நடுங்கும். திருக்குமரனும் வழக்கப்படி எழுந்தான்.

"நீ உக்காரு மாப்ள," என்றான் ஜாபர். "அந்த ஃபேன் ஸ்டாண்டுகூட உன்னவிட பதட்டப்படும்."

ஒன்றை மட்டும் எச்சரித்தான். அவள் சில்லை நிரப்பி வைத்திருக்கிறாள். புதுப் பயம் ஒன்று ஏறினால் பழையதில் ஒன்று அழியும். "வேற எவனா இருந்தாலும் வேண்டாம்னுருவேன். உனக்குத்தான் ஒண்ணும் ஏறாதே."

ப்ளோயரின் சூட்டில் ஈயம் பளபளத்து இளகியது. ஜாபர் சில்லை இடுக்கியால் தூக்கினான். நகத்தைவிடச் சிறியது. அது நழுவித் தரையில் விழுந்தது. திருக்குமரன் சட்டென எழுந்தான்.

"அசையாத," என்றான் ஜாபர்.

தரை முழுக்கத் திருகாணிகள், ஈயத் துளிகள். ஜாபர் டார்ச்சோடு மண்டியிட்டான். திருக்குமரனுக்கு வாய் உலர்ந்தது. தன் செருப்புக்கடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு காலில் எடை போட்டு நின்றான். உடம்பில் நடப்பது என்னவென்று சற்றுப் பிந்தித்தான் விளங்கியது.

சில்லு மேசைக் காலருகே கிடைத்தது. ஜாபர் அதைப் பற்றவைத்தான். பலகை ஒளிர்ந்தது. தனக்கு நேர்ந்ததைத் திருக்குமரன் அவனிடம் சொல்லவில்லை.

புதுப் பலகையில் ஒரு மேம்பாடு இருந்தது. பழையது வெறுமனே வேகம் குறைக்கும். இது பயங்களை வரைபடத்தில் காட்டியது. பழைய கையின் பயம் நீலம், புதிய கையின் பயம் மஞ்சள். ஊர் முழுக்க நீலம். இத்தனை இடங்களில் பயந்தாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

வீடு திரும்பும்போது ஆற்றுப்பாலம் வந்தது. வண்டி வேகம் குறைக்குமா? இல்லாவிட்டால்? உள்ளங்கை ஈரமானது. வண்டி எப்போதும்போல வேகம் குறைத்தது. அங்கிருந்த நீலப் புள்ளி மஞ்சளானது.

மறுநாள் செல்வபுரம். அதற்கடுத்து ரேஸ்கோர்ஸ். ஒவ்வொரு இடத்திலும் வண்டி அதேபோல் தயங்கியது. ஒவ்வொரு புள்ளியும் மஞ்சளானது. அடுத்த முறை தயங்கியது அவள் இல்லை, அவன். பயப்படாமலிருக்க முயன்றான். அந்த முயற்சியிலும் கை வியர்த்தது. வாய்க்கால் பாலத்தை மட்டும் தவிர்த்து வேறு வழியில் போனான். போன வழியெல்லாம் மஞ்சள் முளைத்தது. எங்கெங்கோ நீலம் அணைந்தது. கடைசியில் வாய்க்கால் பாலத்து நீலப் புள்ளி ஒன்றே மிஞ்சியது. வண்டியை நிறுத்திவிட்டு ஜாபரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னான்.

"உனக்கு என்னடா பயம்?"

"அவ அழிஞ்சிருவாளோன்னு."

நீயே வந்து ஓட்டேன் என்று இவன் கேட்டான்.

"நான் ஓட்டுனா என் பயம்தான் ஏறும். அதுல எங்க மாமியார் வீட்டு ரோடு எதுக்கு?" பிறகு குரல் இறங்கியது. "ஓட்டாத. அப்படியே நிக்கட்டும்."

நிறுத்தி வைத்தான். பஸ்ஸில் போய் வந்தான். மாலையில் வண்டிக்குள் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஒரு புள்ளியைப் பார்ப்பான். வண்டி போகாத பாலத்தில் அவள் பயம் எதற்கு என்று ஒருநாள் தோன்றியது. ஒரே ஒருமுறை போகலாம். பாலத்தில் முதலில் வேகம் குறைப்பது அவளாகத்தான் இருக்கும். அது போதும். அதன் பிறகு மஞ்சளாகட்டும்.

ஞாயிறு காலையில் கேட்டைத் திறந்தான். உட்கார்ந்தான். ஸ்டியரிங்கில் கை வைத்ததும் விரல்கள் வழுக்கின. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். வண்டி வாசல்வரை உருண்டு நின்றது.

வரைபடத்தில் அவன் வீட்டு வாசலில் ஒரு மஞ்சள் புள்ளி தோன்றியது. சில்லில் அதற்கு இடம் வேண்டியிருந்தது. பேரூர் சாலையில் நீலம் அணைந்தது.

பலகையில் எழுத்துகள் வந்தன: கற்றல் நிறைவுற்றது. இந்த வண்டி இனி முழுமையாக உங்களுடையது.

கேட் திறந்திருந்தது. அந்த வாசலுக்கு அஞ்சி வண்டி நகரவில்லை.