உள்ளே குதித்தவன்

டுமீல்...

சிட்லபாக்கத்தில் காலை ஆறரை மணிக்குக் குக்கர் விசில் கேட்கலாம். சுப்ரபாதம் கேட்கலாம்.

இது கேட்கக் கூடாது.

மொட்டை மாடியில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த லக்ஷ்மிநாராயணனின் கைகள் அந்தரத்தில் நின்றன.

புள்ளியியல் துறையில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். எந்தக் கேள்விக்கும் 'தெரியாது' என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்.

சத்தம் வந்தது அடுத்த வீட்டிலிருந்து. குடியிருப்போர் சங்கத் தலைவர் ஏகநாதனின் வீடு.

எட்டிப் பார்த்தார். நம் தெருவில் இதற்கெல்லாம் தனிப் பயிற்சி தேவையில்லை.

தெருச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரன் பொன்னுசாமி, வாளியைப் போட்டுவிட்டு ஓடினான். ஏகநாதன் வீட்டு கேட் உள்ளே தாழிட்டிருந்தது. காம்பவுண்டுச் சுவரில் தாவி ஏறினான்...

உள்ளே குதித்தான்.

இரண்டே நிமிடம். கேட் திறந்தது. ஏகநாதனின் தம்பி குமரவேலைத் தோளில் சுமந்தபடி வெளியே வந்தான். சட்டை முழுக்க ரத்தம். ஒரு ஆட்டோவை மறித்து ஏற்றிக்கொண்டு போனான்.

ஏழரை மணிக்கெல்லாம் தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது. குமரவேல் காலி.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் அசரியா, லக்ஷ்மிநாராயணனின் ஹாலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏகநாதன் சார் குளிச்சிட்டிருந்தாராம். பொன்னுசாமி திருட வந்தானாம். தடுத்த தம்பியைச் சுட்டுட்டானாம். அப்புறம் பயந்துபோய் அவனே தூக்கிட்டு ஓடினானாம். ஆஸ்பத்திரி வாசல்லயே பிடிச்சு ஸ்டேஷன்ல உட்கார வச்சிருக்கோம்."

"ஏகநாதன்கிட்டயே லைசென்ஸ் துப்பாக்கி உண்டே?"

"எலெக்‌ஷன் வந்தா ஒப்படைக்கணும் இல்லையா? மவுண்ட் ரோடு துப்பாக்கிக் கடையில ஒப்படைச்சிருக்கார். ரிசல்ட் வந்து பத்து நாள் ஆச்சு, இன்னும் திருப்பி வாங்கலைங்கறார். ரசீது காட்டினார்."

"அப்ப நாட்டுத் துப்பாக்கிதான். அவன் இருக்கற ஏரிக்கரை குடிசைல என்ன கிடைக்காது?" லக்ஷ்மிநாராயணன் மேஜை மேலிருந்த தாள்களை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் அவர் பேசப்போகும் பேச்சு. "அறுபது நாட்டுக் கணக்கு சார் இது. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தும் கொலையே நடக்காத நாடு இருக்கு. துப்பாக்கி கொல்றதில்லை. பசிதான் கொல்லுது. வசதியானவன் எதுக்கு சார் கொல்றான்?"

"நாட்டுக் கணக்கு இருக்கட்டும் சார். தெருக் கணக்குக்கு வருவோம். அவன் சுவர் ஏறினதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"சத்தத்துக்கு முன்னாடியா... பின்னாடியா?"

ஒரே ஒரு வார்த்தை. பின்னாடி.

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏகநாதன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். தீபாவளிக்கு இனிப்பு கொடுத்தனுப்புகிற மனுஷர். கையில் அறுபது நாடு. ஐம்பத்தொன்பது புள்ளிகள் கோட்டில் நிற்கும்போது ஒன்று மட்டும் தள்ளி நின்றால் என்ன செய்வது என்று ஆபீசில் நன்றாகவே பழகியிருந்தார்.

ரப்பரால் அழித்துவிடுவது.

"அந்த... நேரந்தான். கரெக்டா சொல்ல முடியலை."

அசரியா நோட்டை மூடினார். தேவைக்கு ஒரு விநாடி அதிகமாகவே லக்ஷ்மிநாராயணனின் முகத்தைப் பார்த்தார். போனார்.

சமையலறையிலிருந்து மனைவி வேதவல்லி வந்தாள்.

"என்ன சொன்னேள் அவர்கிட்ட?"

"கேட்டதுக்குச் சொன்னேன்."

"மாடிலேர்ந்து இறங்கச்சே, 'சத்தம் கேட்டு பொன்னுசாமி சுவர் ஏறி உள்ளே குதிக்கறான்டி'ன்னு எங்கிட்ட கத்தினேளே. அதையா?"

அவர் பேப்பரை விரித்தார். தலைகீழாக.

"இட்லி ஆறிண்டிருக்கு."

"பசிக்கலை."

"நல்லது. பசிதானே கொல்லும்?"

பத்தரை மணிவரை ஹாலில் நடந்தார். ஒரு மனிதன் தூக்குக் கயிறு வரை போகலாம், அவர் வாயிலிருந்து வராத ஒரு வார்த்தையால். முன்பு எத்தனையோ எண்களை அழித்திருக்கிறார். அவற்றில் எதுவும் மறுநாள் வந்து அவர் வீட்டுச் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றியதில்லை.

ஸ்கூட்டரை எடுத்தார்.

ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் பொன்னுசாமியின் மனைவி ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வையில் படாமல் பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே போனார்.

"சார்... ஒரு திருத்தம். பின்னாடி. சத்தத்துக்குப் பின்னாடிதான் குதிச்சான்."

"தெரியும் சார். குமரவேல் கண் முழிச்சு ஒரு மணி நேரம் ஆச்சு."

"உயிரோடவா? தெருவுல எல்லாரும்..."

"தெருவுல கொன்னுட்டீங்க. டாக்டர் ஒத்துக்கலை. கால் மணி நேரம் லேட்டா வந்திருந்தா போயிருப்பார்னு சொன்னார்."

"அப்ப சுட்டது..?"

"அண்ணன்தான். ஒரே வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே போர்வெல். காலையில மோட்டாரை முதல்ல யார் போடறதுன்னு சண்டை. முந்தாநாளே துப்பாக்கியைத் திருப்பி வாங்கிட்டார். அசல் ரசீதைக் கடையில கொடுத்துட்டு, நமக்குக் காட்டினது ஜெராக்ஸ். கடைக்கு ஒரு போன் போட்டேன், சொல்லிட்டாங்க. துப்பாக்கி தண்ணித் தொட்டிக்குள்ள கிடந்தது."

"மோட்டாருக்காகவா?"

வாசல் பெஞ்சிலிருந்து ஜெயக்கொடி பதில் சொன்னாள்.

"தண்ணி சார். லாரி வந்தா எங்காளுங்களும் தெனம் அட்ச்சிக்கினுதான் கீறோம். கைல கொடம்தான் கீது. மண்டை வீங்கும். சாய்ங்காலம் அதே கொடத்தைக் கடன் கேட்டுக்கினு வருவாளுங்கோ."

அறுபது நாட்டுக் கணக்கில் குடத்துக்கென்று ஒரு கட்டம் இல்லை.

"அப்ப... நான் வந்து சொல்லாட்டாலும்..." லக்ஷ்மிநாராயணனுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சே வெட்கமாக இருந்தது.

"பொன்னுசாமி வெளியே வந்திருப்பான். ஆனா ஒண்ணு சார்." அசரியா பேனாவை மூடினார். "அத்தனை வீட்டை விட்டுட்டு காலையில உங்க வீட்டுக்கு ஏன் வந்தேன்? அவன் ஒரே ஒரு பேரைத்தான் சாட்சிக்குச் சொன்னான். 'மாடில ஐயா பார்த்துக்கினு இருந்தாரு. படிச்சவரு. அவரைக் கேளுங்க, உள்ளதைச் சொல்லுவாரு.'"

 

உள்ளேயிருந்து பொன்னுசாமி வந்தான். சட்டையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. லக்ஷ்மிநாராயணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா சார்? தோ பாரு ஜெயா, நான் சொல்லல? ஐயா வந்து சொல்லுவாருன்னு."

"பொன்னுசாமி... காலையில நான்..."

ஜெயக்கொடி எழுந்து முந்தானையை உதறிச் செருகினாள். வெளியே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டவள் அவள்.

"வுடு சார். உங்கைல துப்பாக்கி இல்லாததே நல்லதாப் போச்சி. வெறும் வாயை வச்சிக்கினே என் புருசனை முக்காவாசி முட்ச்சிட்டியே."