பதினொன்று நாற்பதுக்குக் கேட்ட சத்தம்

போன் அடித்தபோது இன்ஸ்பெக்டர் ராஜாத்தி காலை டிபன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

மணி பன்னிரண்டு பத்து.

"மேடம், சுடலைராஜ் பேசுறேன்." ஏட்டின் குரலுக்குப் பின்னால் லாரி ஹாரன்கள். "எண்ணூர் ஹைரோட்டுல ஒரு ஆக்ஸிடென்ட். டிரெய்லருங்க வரிசையா நிக்குமே, அந்த எடம். எக்ஸெல் வண்டியில வந்த ஆளு..."

"உயிர் இருக்கா?"

"ஆம்புலன்ஸ்ல வந்து பாத்தாங்க. துணியப் போத்திட்டாங்க மேடம்."

ராஜாத்தி பொட்டலத்தை மடித்தாள்.

காம்பவுண்ட் சுவருக்கும் ஒரு டிரெய்லரின் பின் சக்கரத்துக்கும் நடுவே கிடந்தது உடல். ரோட்டில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். பக்கத்தில் மடங்கிப்போன மொபெட். மூட்டை கிழிந்து கொட்டிய துவரம்பருப்பு. சக்கரத்தில் ரத்தம்.

"பேரு ராமசுப்பு. அம்பத்திரெண்டு வயசு. எர்ணாவூர்ல மளிகைக் கடை" என்றார் சுடலைராஜ். "பின்னாலேர்ந்து ஏதோ இடிச்சிருக்கு."

"யார் பாத்தது?"

சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். நாற்பது வயது. வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை.

"நான்தாங்க. லூர்து. அந்தக் கெமிக்கல் பாக்டரியில சேப்டி ஆபீசர். கம்பெனிக்கு நடந்து வந்துகினு இருந்தேன். நான்தான் ஆம்புலன்சுக்கு போன் பண்ணேன். நெஞ்ச அமுக்கி அமுக்கிப் பாத்தேன்... முடியல."

"இடிச்சது எந்த வண்டி?"

லூர்து டிரெய்லரைக் காட்டினார்.

"ரிவர்ஸ் எடுத்தான். டிரைவர் காதுல போன் இருந்திச்சு."

டிரைவர் தௌசீஃப் டீக்கடைப் பக்கமிருந்து ஓடி வந்தான். வியாசர்பாடிக்காரன். அழுக்கு லுங்கி.

"மேடம், நான் வண்டிய எடுக்கவே இல்ல. டீ குடிக்கப் போயிருந்தேன். வந்து பாத்தா கும்பல் நின்னுகினு கீது. அல்லா மேல சத்தியம்."

"சக்கரத்துல ரத்தம் எப்படிடா வந்துச்சு?"

"எனக்கு இன்னா மேடம் தெரியும்..."

ராஜாத்தி வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். லுங்கியைப் பார்த்தாள். முடிவெடுக்க இரண்டு விநாடி கூட ஆகவில்லை.

கன்னத்தில் ஓர் அறை.

"ஜீப்ல ஏத்துங்க."

ஸ்டேஷனில் லூர்து வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் மேஜை மேல் அதிர்ந்தது. கரோலின் என்றது திரை. அவர் எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. திருப்பி வைத்தார்.

"எடுங்க சார், பரவாயில்ல" என்றாள் ராஜாத்தி.

"தங்கச்சி மேடம். தாய்லாந்து போயிருக்கா. பிளேன்லேர்ந்து குதிக்கிறதுக்கு. ஸ்கைடைவிங்காம்."

"அய்யோ. எவ்வளவு உயரத்துலேர்ந்து?"

"பத்தாயிரம் அடிக்கு மேல. எவ்வளவோ சொன்னேன். உயிர் இன்னா வெளயாட்டான்னு கேட்டேன். ஒரு செகண்ட் தப்பா போனா..."

பேனாவைக் கீழே வைத்தார். ராஜாத்தி தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

மாலை நாலு மணிக்கு ராமசுப்புவின் மனைவி முப்பிடாதி வந்தாள். அழுது முடித்திருந்த முகம். யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நேராக லூர்துவிடம் போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் கடைசி வரைக்கும் கூட இருந்தீகளாம். அநாதையாப் போகாம பாத்துக்கிட்டீகளே... நல்லா இருக்கணும்யா நீங்க."

லூர்து கைகளை உருவிக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை.

"அவுக ஏதாச்சும் சொன்னாகளா?"

"இல்லம்மா" என்றார் லூர்து தரையைப் பார்த்து. "ஒண்ணும் சொல்லல."

அது புதன்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை காலை ராயபுரத்தில் லூர்துவின் வீட்டு வாசலில் கரோலின் வந்து நின்றாள். தோளில் பயணப் பை. ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்திருந்தாள். இருபத்தேழு வயது, அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. அண்ணி ரோஸ்மேரி பூசைக்குப் போயிருந்தாள்.

"வா" என்றார் லூர்து. "ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா?"

"பண்ணா நீ எங்க எடுக்குறே. கார் எங்கண்ணா?"

"சர்வீசுக்கு வுட்டுக்கீறேன்."

"எப்போலேர்ந்து?"

"புதன்கிழம காலைல."

"புதன்கிழம பதினொன்ற மணிக்கு நீ ஓட்டிகினு இருந்தே."

லூர்து எட்டித் தெருவைப் பார்த்தார்.

"என்கூட பேசிகினே ஓட்டுனே. இண்டிகேட்டர் சத்தம் கேட்டுச்சு. ஹாரன் அடிச்சே. ஏதோ லாரிக்காரன கலீஜா திட்டுனே. அப்புறம், ஒரு வீடியோ அனுப்புறேன், பாத்துட்டு அப்புறம் குதின்னு சொன்னே. பாராசூட் தொறக்காம ஒருத்தன் வுழுற வீடியோ. அது வந்துச்சு. அடுத்த செகண்ட் ஒரு சத்தம்."

"போன் கை தவறி..."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நீ கோவத்துல போனத் தூக்கிப் போட்டுட்டேன்னு. நேத்து உன் போட்டோவ நெட் பேப்பர்ல பாக்குற வரைக்கும்." கரோலின் பையைக் கீழே வைத்தாள். "உயிரைக் காப்பாற்றப் போராடிய பாதுகாப்பு அதிகாரி. அப்படித்தானே போட்டுருந்தான்?"

தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். இரண்டு பேரும் அவள் குரல் தேயும் வரை நின்றார்கள்.

"எல்லாம் உன்னாலதான்" என்றார் லூர்து திடீரென்று. "நீ குதிக்கிறேன்னு அடம் புடிக்காம இருந்திருந்தா நான் ஏன் அந்த வீடியோவ..."

"சொல்லு. முழுசா சொல்லி முடி."

லூர்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எவ்வளவு ஆபத்துன்னு படிக்காம நான் போகல அண்ணா. நான் பயந்தாங்கொள்ளின்னு உனக்கே தெரியும். அமெரிக்காவுல வருஷத்துக்கு முப்பத்தஞ்சு லட்சம் தடவ குதிக்கிறாங்க. பத்து, பதினஞ்சு பேரு சாவுறாங்க. ஆபத்தே இல்லன்னு சொல்லல. கடைக்கு ஒரு நடை வண்டியில போய்ட்டு வர்றத விட ஒரு தடவ குதிக்கிறது ரொம்ப ஆபத்துதான். நல்ல ரோடு கீற நாட்டுல ஆயிரம் கிலோமீட்டர் கார் ஓட்டுறதுக்கு அது சமமாம்."

"அதான் நானும் சொன்னேன்..."

"நீ தெனமும் எண்ணூருக்குப் போயிட்டு வர்றே. முப்பது கிலோமீட்டர். ஒன்ற மாசத்துக்கு ஒருக்கா நீயும் குதிக்கிறே. அதுவும் இந்த ரோட்டுல, ஒரு கையில போன வெச்சிகினு. நம்ம நாட்டுல ரோட்டுல மட்டும் ஒரு நாளைக்கு நானூத்தி அறுபது பேரு சாவுறாங்க. வண்டி எடுக்காதேன்னு எந்த அண்ணனாச்சும் தங்கச்சி கால்ல வுழுந்து கேட்டிருக்கானா?"

லூர்து சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு மட்டும் நான் படிச்சதுல எங்கயும் இல்ல" என்றாள் கரோலின். "நான் தப்பு பண்ணா நான் சாவேன். நீ தப்பு பண்ணே, அந்த மளிகைக்கடை அண்ணாச்சி செத்துட்டாரு."

லூர்து முழங்காலைக் கட்டிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழம கம்பெனியில கூப்பிட்டு மால போட்டாங்க. வேணாம்னு சொல்லணும்னுதான் போனேன்... மேடையில ஏறி நின்னு வாங்கிகினு வந்துட்டேன் கரோலின். எல்லாரும் கை தட்டுனாங்க."

அவள் அண்ணன் எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் மட்டும் ஒழுங்கா? சத்தம் கேட்டதும் ரெண்டு வாட்டி கூப்பிட்டேன். நீ எடுக்கல. கோவம்னா இருந்துட்டுப் போகட்டும்னு பிளேன் ஏறிட்டேன். மேலேர்ந்து குதிச்சப்போ சந்தோஷத்துல கத்துனேண்ணா. அந்த நேரத்துல இங்க ஒருத்தரு... அத நெனச்சா சோறு எறங்கல."

"எனக்கு வேல போயிடும்."

"போகட்டும். தௌசீஃப்னு ஒருத்தன் நாலு நாளா புழல் ஜெயில்ல கீறான். எழுந்திரு."

ஸ்டேஷனில் லூர்து நின்றுகொண்டே சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒரே ஒரு செகண்ட் மேடம். வீடியோவ அனுப்பக் கீழ பாத்தேன். நிமிர்ந்தா வண்டிக்கு முன்னாடி அவரு. என்னென்னவோ க்ளாஸ் எடுத்திருக்கேன். ஒரு செகண்ட்ல..."

ராஜாத்தி அசையாமல் கேட்டாள். அவள் உள்ளங்கை எரிந்தது. தௌசீஃபின் கன்னத்தில் இறங்கிய கை.

"போனைக் காட்டும்மா" என்றாள் கரோலினிடம்.

கரோலின் நீட்டினாள். வாட்ஸ்அப் கால். முடிந்த நேரம் பதினொன்று நாற்பது.

ராஜாத்தி பைலைத் திறந்தாள். ஒரு தாளை எடுத்தாள். இன்னொரு தாளை எடுத்தாள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"சரி. ஒரு செகண்ட் தப்பு. அதை எழுதிக்கிறேன். ஆம்புலன்சுக்கு நீங்க கூப்பிட்டது பதினொன்னு அம்பத்தொம்போது. நடுவுல பத்தொம்போது நிமிஷம் இருக்கு. அதுல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

லூர்து அந்தத் தாள்களைப் பார்த்தார்.

"போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் நேத்துதான் வந்துச்சு. தலையில அடி இல்ல. தொடையில ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் போய், கால் மணி நேரம் கழிச்சுத்தான் செத்திருக்காரு. ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தா பிழைச்சிருப்பாருன்னு டாக்டர் சொல்றாரு. நீங்க கம்பெனியில முதலுதவி க்ளாஸ் எடுப்பீங்கதானே?"

கரோலின் அண்ணனைப் பார்த்தாள்.

"வண்டிய... ஒரு பூட்டுன குடோன் சந்துல வுட்டேன்" என்றார் லூர்து. "பம்பர் ஒடஞ்சிருந்திச்சு. நடந்து திரும்பி வந்தேன். செத்திருப்பாருன்னு நெனச்சேன். கண்ணத் தொறந்துகினு இருந்தாரு."

"உங்களைத் தெரியுமா அவருக்கு?"

"அவரு கடையிலதான் தெனம் பழம் வாங்குவேன். என்னப் பாத்ததும், சார் வந்துட்டீகளான்னாரு. இனிமே பயமில்லன்னாரு."

ராஜாத்தி முன்னால் சாய்ந்தாள்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நின்னுகினு இருந்தேன்."

"நின்னீங்க?"

"பொழச்சா என் வண்டியச் சொல்லிடுவாரேன்னு... நின்னேன். கண்ணு மூடுற வரைக்கும். அப்புறம்தான் போன் பண்ணேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டப்புறம் நெஞ்ச அமுக்குனேன்."

ராஜாத்தி பேனாவை மூடினாள்.

"அவரைப் பின்னாலேர்ந்து இடிச்சிருக்கீங்க சார். உங்க வண்டியை அவர் பாத்திருக்கவே வழியில்ல. தன்னைக் காப்பாத்த வந்த ஆளுன்னுதான் உங்களை நெனச்சிருக்காரு. சாகுற வரைக்கும்."

லூர்து முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.

கரோலின் எழுந்தாள். அண்ணனுக்கும் தனக்கும் நடுவில் இருந்த நாற்காலியை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள்.

"இது ஆக்ஸிடென்ட் கேஸ் இல்ல" என்றாள் ராஜாத்தி ஏட்டிடம். "வேற பேப்பர் எடுங்க."

தௌசீஃபை வெளியே கொண்டுவர செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது.

புழல் சிறை வாசலில் ராஜாத்தியே போய் நின்றாள். யாரையாவது அனுப்பியிருக்கலாம். அனுப்பத் தோன்றவில்லை. பக்கத்தில் கரோலின். அன்று காலை அவள் முப்பிடாதியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்திருந்தாள். முப்பிடாதி கடை ஷட்டரை இழுத்து மூடியதை ராஜாத்தியிடம் சொன்னபோது கரோலினால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தௌசீஃப் வந்தான். அதே லுங்கி. கன்னத்தைத் தடவிக்கொண்டே ராஜாத்தியைப் பார்த்தான்.

"தப்பு பண்ணிட்டேன் தௌசீஃப்" என்றாள் ராஜாத்தி. "சட்டையைப் பாத்து முடிவு பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோ."

"பரவால்லன்னு சொல்ல வாய் வர்ல மேடம்."

"சொல்ல வேணாம்."

அவன் கரோலின் பக்கம் திரும்பினான்.

"நீங்கதான் வானத்துலேர்ந்து குதிக்கிற அக்காவா? ஏட்டையா சொன்னாரு. மேல பேஜாரா இல்லியா?"

"கீழ வந்தப்புறம்தான் பேஜாரு" என்றாள் கரோலின்.

"வண்டியில ஏறு" என்றாள் ராஜாத்தி. "உன்னை வியாசர்பாடியில விட்டுட்டுத்தான் நான் ஸ்டேஷனுக்குப் போவேன்."

தௌசீஃப் ஜீப்பை எட்டிப் பார்த்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் ஒரு கை, காதில் போனோடு இன்னொரு கை. சுடலைராஜ் யாருடனோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

தௌசீஃப் வந்த வழியே திரும்பினான்.

"ஏட்டையா பேசி முடிக்கட்டும் மேடம். அதுவரைக்கும் நான் ஜெயிலுக்குள்ளயே பத்திரமா இருந்துக்கிறேன்."