ரொசாலியாவுக்கு ஒரு முகம்

காலையிலிருந்து ஃபோன் மால்வினாவை அடையாளம் கண்டுகொள்ள மறுத்தது. முகத்தைக் காட்டினால் திறந்துகொள்ளும் ஃபோன் அது. தூக்கக் கலக்கத்தில் காட்டினாலும், ஜலதோஷத்தில் மூக்கு வீங்கிக் காட்டினாலும் இத்தனை நாள் சமர்த்தாகத் திறந்துகொண்டிருந்தது. இன்று பஸ் நிறுத்தத்தில் நின்று தொப்பியைக் கழற்றி, மப்ளரை இறக்கி, கண்ணை அகல விரித்து, பார்ப்பவர்கள் கிறுக்கு என்று நினைக்கும் அளவுக்கு அதன் முன்னால் விதவிதமாக முழித்தும் அது அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் எண்ணைத் தட்டித்தான் திறந்தாள். குளிர்தான் காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். நவம்பர் மாதம் போலந்தின் லூப்ளின் நகரத்தில் எதற்கு வேண்டுமானாலும் குளிரைக் காரணம் சொல்லிவிடலாம்.

ரொட்டிக்கடைக்காரியும் ஒருமாதிரியாகத்தான் இருந்தாள். தினமும் மால்வினாவின் தலை தெரிந்ததுமே கசகசா பன்னை எடுத்துக் காகிதத்தில் சுற்றுகிறவள், இன்று, "உங்களுக்கு என்ன வேணும், பானி?" என்று, முன்பின் தெரியாத பெண்களை 'பானி' என்று அழைக்கும் மரியாதையில் கேட்டாள். பேசும்போது மால்வினாவின் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தாள். சில்லறையை அவள் கையில் கொடுக்காமல் தட்டில் வைத்தாள்.

அலுவலகம் பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் இருந்தது. படியேறும்போது புகை நாற்றம் வந்தது. குளிர்காலத்தில் ஊரெல்லாம் நிலக்கரிப் புகைதான், அதை அவள் மூக்கு என்றோ மறந்துவிட்டது. இது வேறு. நனைந்த வைக்கோல் கருகும் நாற்றம், அதற்கு அடியில் கிளறிப்போட்ட மண்ணின் ஈர வாடை. மேலே போகப் போகக் கூடவே வந்தது.

"மூஞ்சிக்கு ஏதாவது பண்ணிக்கிட்டியா?" என்றான் ராடெக். அவர்களுடைய இணையதளத்தின் பொறுப்பு முழுக்க அவனிடம்தான். எதிர் மேஜையில் உட்கார்ந்து காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"ஏன்?"

"தெரியல. உன் மூஞ்சி மாதிரியே இருக்கு. உன் மூஞ்சியா இல்ல. தூங்குனியா ராத்திரி?"

"தூங்குனேன்."

"அப்ப வயசாயிருச்சு, விடு. எனக்கெல்லாம் எப்பவோ ஆயிருச்சு."

அவர்கள் அங்கே செத்தவர்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் சுடப்பட்டவர்கள், எரிக்கப்பட்டவர்கள், முகாமுக்குப் போய்த் திரும்பாதவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், அப்பா பெயர், ஊர், சாவு, ஒரு புகைப்படம், கீழே ஒரு மெழுகுவர்த்தி. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அதைத் தொட்டு ஏற்றலாம், ஒரு நாள் முழுக்க எரியும். மறக்கப்பட்டவர்களுக்கு முகம் கொடுப்போம் என்று தளத்தின் நெற்றியிலேயே எழுதியிருந்தது. மால்வினா அதைக் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டாள்.

ரொசாலியா குலிக்கின் பக்கத்தில் படம் இல்லை. ஓல்ஷின்கா என்ற அவள் கிராமத்தைச் சுற்றி வளைத்து, ஜனங்களைத் தானியக் களஞ்சியத்தில் அடைத்துத் தீ வைத்தபோது, வீடுகளோடு சேர்ந்து படங்களும் போய்விட்டன. தலையும் தோளும் மட்டும் உள்ள ஒரு சாம்பல் நிற உருவம்தான் அந்தப் பக்கத்தில் இருந்தது. "படம் இல்லாத பக்கத்துல எவன் நிப்பான்?" என்பான் ராடெக். உண்மைதான். அங்கே ஒரு நாளும் ஒரு மெழுகுவர்த்தியும் எரிந்ததில்லை. மால்வினாவுக்குப் பாவமாக இருந்தது. அதுவரை அவள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

கோடையில் ஒரு மத்தியானம் கம்பளிச் சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு, ஜன்னலோரம் நின்று, தன்னைத்தானே படம் எடுத்தாள். மென்பொருளிடம் கொடுத்துப் பழுப்பாக்கினாள், கீறல் போட்டாள், ஒரு மூலையில் ஈரக்கறை வைத்தாள். எப்படி இருக்கிறதென்று சும்மா பார்க்கத்தான் ரொசாலியாவின் பக்கத்தில் ஏற்றினாள். மறுநாள் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. வாரக் கடைசியில் எண்ண முடியாத அளவுக்கு எரிந்தன. "எங்க புடிச்ச இத?" என்று ராடெக் கேட்டபோது, "பங்குக் கோயில் ஆல்பம் ஒண்ணுல," என்றாள். அவன் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் அடக்கமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கும்.

பிறகுதான் லியோகாதியா கூப்பிட்டாள். ரொசாலியாவின் மகள். ஆறு வயதில் உருளைக்கிழங்குக் குழிக்குள் பதுங்கித் தப்பியவள், இதே ஊரில் உயிரோடு இருக்கிறாள் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மால்வினா பார்க்கப் போனாள். உண்மையைச் சொல்லத்தான் போனாள். கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அம்மா தாடையில ஒரு குழி இருக்கும், அதுல விரல வச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்னு இத்தன வருஷமா நெனச்சிட்டு இருந்தேன், தங்கம். படத்துல பாத்தா குழியே இல்ல. வேற எவளோ ஒருத்தி மூஞ்சிய அம்மான்னு நெனச்சுக் கும்புட்டுட்டு இருந்திருக்கேன். அம்மாவுக்கு எவ்வளவு துரோகம் பாரு. நல்லவேளை, நீ வந்து திருத்துன."

மால்வினா அன்று தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

இப்போது ஃபோன் அடித்தது.

"பீங்கான் வந்துருச்சு, தங்கம்," என்றாள் லியோகாதியா. "படம் அப்படியே ஏறியிருக்கு, என்ன நேர்த்தி. நாளைக்கு ஓல்ஷின்கா கல்லறையில பதிக்குறாங்க, ஃபாதர் வந்து மந்திரிக்கிறார். நீ இன்னைக்கே வந்து பாத்துரு."

கல்லறைக் கல்லில் பதிக்கும் பீங்கான் வில்லை. ஒருமுறை சூளையில் வெந்துவிட்டால் மழைக்கும் வெயிலுக்கும் மங்காது. செத்தவர்களுக்கு மட்டுமே செய்வது. மால்வினாவின் முகம், ரொசாலியாவின் பெயருக்கு மேலே, அந்தக் களஞ்சியத்தின் சாம்பலைப் புதைத்த இடத்தில், காலாகாலத்துக்கும் இருக்கப்போகிறது. நாளைக்குள் சொல்லியாக வேண்டும். நாளைக்குப் பிறகு சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய்ச் சொல்வது?

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கியபோதே வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நாலு மணிகூட ஆகியிருக்காது. மழை நின்று, தெருவிளக்குகள் இன்னும் பற்றாமல், நடைபாதை முழுக்க அழுகிய இலைகள் ஒட்டிக் கிடந்தன. தன் பூட்ஸ் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தம் வருவதை அவள் பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டும்போதுதான் கவனித்தாள். சப், சப் என்று, ஈர இலையில் வெறுங்கால் பதியும் சத்தம். நவம்பரில் யார் வெறுங்காலோடு நடப்பார்கள்? அவள் நின்றாள். அதுவும் நின்றது. ஓர் அடி பிந்தி நின்றது, தட்டுத் தடுமாறி வருகிறவர்கள் நிற்பதுபோல. கருகிய வைக்கோல் வாடை கழுத்துவரை வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் பார்க்கவில்லை. பயத்தைவிட முதலில் வந்தது வெட்கம்தான். கடன்காரன் தெருமுனையில் நிற்பதைப் பார்த்தவளாய்த் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள்.

லியோகாதியா இருந்த அடுக்குமாடியில் முட்டைக்கோஸ் வேகும் மணம், ஈரக் குடை, யார் வீட்டிலோ தொலைக்காட்சி. அந்தச் சாதாரண மணம் அவளுக்குத் தெம்பு கொடுத்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் படிக்கட்டு விளக்கு தானாக அணைந்தது. எப்போதும் அணைகிற விளக்குதான். சுவரைத் தடவிப் பொத்தானைத் தேடினாள். இருட்டில், பக்கத்தில், மிகப் பக்கத்தில், நனைந்த துணியின் கனம். பாவாடை ஓரத்திலிருந்து சொட்டும் நீர். ஒரு ஆள் நிற்கும்போது காற்றில் வரும் அந்த அடைப்பு. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. மூச்சு விட மூக்கு வேண்டுமே என்று அவள் மனசு சொல்லியது. சொன்னதும் தன் மனசின் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

பொத்தான் அகப்பட்டது. படிக்கட்டு காலியாக இருந்தது. படியில் கொஞ்சம் சாம்பல், ஈரமாக.

கதவைத் திறந்த லியோகாதியா, "அம்மா?" என்றாள். பிறகு தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டு சிரித்தாள். "நீயா. இந்தக் கண்ண வச்சுக்கிட்டு என்ன பண்றது. வா, வா. உங்கூட வந்தவங்களையும் கூப்புடு, வாசல்லயே நிக்க வைக்காத."

"நான் தனியாத்தான் வந்தேன், பானி."

"அப்படியா?" கிழவி படிக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கதவைச் சாத்தினாள், தாழ் போடவில்லை.

அறையில் விளக்கு போட்டிருக்கவில்லை. கண்ணாடிக் குவளையில் தேநீர், அதில் மிதக்கும் எலுமிச்சை வில்லை, தட்டில் கசகசா கேக் துண்டுகள். சுவரில் கன்னத்தில் வெட்டுத் தழும்போடு கறுத்த கன்னி மரியா. அதற்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிய சட்டத்தில், மால்வினா.

லியோகாதியா பஞ்சுக்குள்ளிருந்து பீங்கான் வில்லையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். முட்டை வடிவம். வழவழப்பு. அதன் குளிர்ச்சி எலும்புவரை இறங்கியது. சால்வைக்குள் அவள் முகம், அந்தக் கோடை மத்தியானத்தில் ஜன்னல் வெளிச்சத்துக்காகக் கொஞ்சம் திருப்பிக் காட்டிய முகம். அழகாக இருக்க வேண்டும் என்று உதட்டை ஒருமாதிரி வைத்திருந்தாள். இப்போதுதான் அது கண்ணில் பட்டது. கூனிக் குறுகிப்போனாள்.

"இது உங்கம்மா இல்ல," என்றாள்.

"என்ன தங்கம்?"

"இது நான். நானே படம் எடுத்து, நானே பழசாக்கி, நானே போட்டேன். ஆல்பம் எதுவும் இல்ல. நான் சொன்னது எல்லாம் பொய். உங்களுக்கு ஞாபகம் இருந்ததுதான் நெசம். தாடையில குழி. அதான் உங்கம்மா. அத நெனச்சுப் பாருங்க பானி, தயவுசெஞ்சு நெனச்சுப் பாருங்க."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். கன்னத்தில் அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட ஏங்கினாள். கிழவி கண்ணை மூடிக்கொண்டாள். வலது கையின் ஆள்காட்டி விரல் மடியிலிருந்து மெல்ல எழுந்து, எதிரே இல்லாத ஒரு முகத்தின் தாடை இருக்கக்கூடிய இடத்துக்குப் போய், அங்கே வெறும் காற்றில் தேடியது. மேலே. கீழே. மறுபடியும் மேலே. எண்பது வருஷத்துக்கும் மேலாக வழி தவறாமல் போய்ச் சேர்ந்த விரல்.

"வரலியே," என்றாள். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "எங்க தேடுனாலும் நீதான் வர்ற."

ரொசாலியாவின் முகம் இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் மிச்சம் இருந்தது. அதையும் அழித்தாயிற்று.

கதவு திறந்தது.

கீல் முனகியது. பிறகு நடைவழி. சப். ஈரக் கால். சப். தரைவிரிப்பில் வந்ததும் சத்தம் இல்லை. நாற்றம் மட்டும். வைக்கோல், மண், தீய்ந்த கம்பளி. மால்வினாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

லியோகாதியா கண்ணைத் திறந்தாள். மால்வினாவைத் தாண்டிப் பார்த்தாள். முகத்தில் சுருக்கமெல்லாம் தளர்ந்தது.

"வந்துட்டியா," என்றாள். குரல் கிழவியின் குரலாக இல்லை. குழிக்குள் நாளெல்லாம் சத்தம் போடாமல் காத்திருந்த பிள்ளையின் குரல். "எவ்வளவு நேரமா இருக்கேன் தெரியுமா."

பதில் சொல்ல வாய் இருந்தால்தானே.

கிழவி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். புரியாமல் உதடு பிதுங்கியது.

"உன் மூஞ்சி எங்க, அம்மா?"

மால்வினா எழுந்திருக்கவில்லை. ஓடலாம். கத்தலாம். கத்துவதற்கு வாய் திறந்தது. என்ன சொல்லிக் கத்துவது? என்னுடையது என்றா?

லியோகாதியா கையைத் தூக்கினாள். வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் பிள்ளைகள் சட்டென்று காட்டிக்கொடுப்பார்களே, அப்படி. விரல் நேராக நீண்டது.

"இவ எடுத்துக்கிட்டா."

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. ஈரமான கைகள். நகக்கண்ணில் மண். அவள் இரண்டு கன்னத்திலும் பதிந்தன. கோபம் இல்லை அவற்றில், அவசரமும் இல்லை. நெற்றி. புருவம். மூக்கு. உதடு. எல்லாவற்றையும் தடவித் தெரிந்துகொண்டன. பிறகு தாடைக்குக் கீழே இறங்கி, ஒரு காதிலிருந்து மறு காதுவரை, வெந்த உருளைக்கிழங்கில் தோல் எங்கே கழன்று கொடுக்கும் என்று பார்ப்பதுபோல, ஓரத்தைத் தேடின.

கிழவி ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடது காதுக்குக் கீழே, ஓர் இடத்தில், நகம் உள்ளே போனது.