நாற்பதில் ஒரு பவுன்

இரும்புப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே இருந்த நாற்பது பவுன் நகையைக் காணோம். 1938 நவம்பர், ரமலான் பிறை இருபது, காலை எட்டு மணி. குமாரபாளையத்து நூல் வியாபாரி பக்கீர் முகைதீன் ராவுத்தர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுத் தறிகள் நின்றுபோயின.

எட்டரைக்கு சப் இன்ஸ்பெக்டர் சென்னிமலை வந்தார். அதிகம் பேசாத மனிதர். அவர் பேசாமல் இருப்பதைத் தாங்க முடியாமல் தாங்களே உளறி மாட்டிக்கொண்டவர்கள் அந்த வட்டாரத்தில் பலர் உண்டு.

"பூட்டு உடையலையே. சாவி எங்கிருக்கும்?"

"ஒரே சாவிதானுங்க. ஊட்டுக்காரி இடுப்புல இருக்கும்," என்றார் ராவுத்தர்.

அவர் மனைவி சுலைகா பீவி கதவோரம் நின்று பதில் சொன்னாள். "நேத்துச் சாயங்காலம் நோன்புக் கஞ்சி காய்ச்சறப்போ முக்காலி மேல கழட்டி வெச்சேனுங்க."

"அப்ப இங்க யாரு வந்தது?"

"வண்டிக்காரன் காத்தான்," ராவுத்தர் முந்திக்கொண்டார். "நூல் மூட்டை இறக்குனான். வேற ஆளே வரலைங்க."

"நகை யாருது?"

"அவளுக்கு அவங்கப்பா போட்டதுங்க. அடுத்த வாரம் அதை அடகு வெச்சு பஸ் வாங்கறதா இருந்தேன். கூட்டாளிகூடத் தயாரா இருக்கறாரு. எல்லாம் போச்சுங்க."

அதே கூட்டாளியை நம்பி ராவுத்தர் ஆரம்பித்த சோடா கம்பெனி போன வருடம் படுத்துவிட்டது ஊருக்கே தெரியும்.

ராவுத்தர் புகார் எழுதிக் கொடுத்தார். காத்தான் திருச்செங்கோட்டு சப் ஜெயிலுக்குப் போனான். அவன் குடிசையைத் தலைகீழாகப் புரட்டியும் ஒரு மூக்குத்திகூடக் கிடைக்கவில்லை. சென்னிமலைக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

பிறை இருபத்தெட்டு. காலை பத்து மணிக்கு மறுபடியும் அந்தக் குடிசைக்குப் போனார். அடுப்பு எரியவில்லை. ஆனால் குழந்தைகள் வெண்கலப் பாத்திரத்திலிருந்து சோறு தின்றுகொண்டிருந்தன.

"யாரு குடுத்த சோறு?"

"ராவுத்தர் ஊட்டம்மாதானுங்க," என்றாள் காத்தானின் மனைவி ராசம்மாள். "தெனமும் குடுத்தனுப்பறாங்க. புருசனைத் திருடன்னு சொன்ன ஊட்டுச் சோறு எனக்கு எறங்க மாட்டேங்குதுங்க. புள்ளைங்களுக்காக வாங்கிக்கறேன்."

பறிகொடுத்த வீட்டார் திருடன் வீட்டுக்குச் சோறு போடுவார்களா? யோசித்துக்கொண்டே நடந்தவர், பள்ளிவாசல் தெருவில் ஹமீதா என்ற விதவையை நிறுத்தி, பீவி எப்படிப்பட்டவர் என்று விசாரித்தார்.

"தங்கமானவங்க. நகைக்குண்டான ஜகாத்தை வருசா வருசம் பிறை இருபத்தேழுல கணக்குப் பார்த்து, ஒரு பவுனோட வெலையை எங்களை மாதிரி நாலு ஏழைங்களுக்குப் பிரிச்சுக் குடுப்பாங்க. எங்களை வாசல்ல நிக்க வெக்க மாட்டாங்க. ஊட்டுக்கே வந்து குடுப்பாங்க. நேத்தும் நகை ஜகாத்துன்னு சொல்லி அதே காசைத்தானுங்க குடுத்தாங்க, ஒண்ணும் கொறைக்கலை."

அடுத்து பள்ளிவாசலில் மார்க்கம் படித்த ஆலிம்சாவைப் பார்த்தார். "ஜகாத்துக்கு என்ன கணக்குங்க?"

"கடன் போகத் தங்கமோ பணமோ அதுக்குன்னு விதிச்ச அளவுக்கு இருந்து, வருசம் நிறையற அன்னிக்கும் கையில நின்னா, நாப்பதுல ஒரு பங்குங்க. அது நாம போடற பிச்சை இல்லை. ஏழைங்களோட பங்கு நம்மகிட்ட இருக்குது, அதைத் திருப்பிக் குடுக்கறோம்."

மதியம் பன்னிரண்டு மணிக்கு ராவுத்தர் வீட்டுக் கூடத்தில் சென்னிமலை உட்கார்ந்திருந்தார்.

"காத்தான் ஒத்துக்கிட்டானுங்களா?" என்றார் ராவுத்தர்.

"அவன் எடுத்தாத்தானுங்களே ஒத்துக்க. நகை இந்த ஊட்டை உட்டுப் போகவே இல்லை." கதவுப் பக்கம் திரும்பினார். "அம்மா, ஒளிச்சு வெச்சது நீங்க."

ராவுத்தர் எழுந்துவிட்டார். "என்னங்க பேசறீங்க?"

"பிறை இருபதுல நகை போயிருச்சு. இருபத்தேழுல அதே நகைக்கு ஜகாத் குடுத்திருக்கறாங்க. கையில இல்லாத தங்கத்துக்கு யாராச்சும் கணக்குப் பார்ப்பாங்களா?"

"மனசு கேக்காமத் தர்மமாக் குடுத்திருப்பா."

"தர்மத்துக்கு அளவு இல்லைங்க. இது நாப்பதுக்குச் சரியா ஒரு பவுன், அதே நாள்ல, நகைக்குன்னு சொல்லியே குடுத்தது. நகை பத்திரமா இருக்குதுன்னு தெரிஞ்சவங்க ஒருத்தர்தான் அந்தக் காசைக் குடுக்க முடியும்."

பீவி கதவோரத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"பஸ்ஸுக்குப் போனா திரும்பி வராதுன்னு பயந்துட்டேனுங்க. ஒண்ணும் கெடைக்கலைன்னா காத்தானை ரெண்டு நாள்ல உட்டுருவாங்கன்னு நெனச்சேன். இவுங்களை ஏமாத்தினேன், உங்களை ஏமாத்தினேன். அந்தக் கணக்குல மட்டும் பொய் சொல்ல முடியலைங்க."

"ஏழைங்க பங்கைப் பைசா கொறையாமக் குடுத்தீங்க," என்றார் சென்னிமலை மெதுவாக. "காத்தானும் ஏழைதானுங்களே அம்மா."

பீவி சமையலறைக்குள் போய் மிளகாய்ப் பானையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து வந்து கணவர் முன்னால் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. அவள் வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எங்க கெளம்பற?"

"ராசம்மா ஊட்டுக்கு."

"நோன்பு வெச்சுட்டு இந்த வெயில்லயா? ஆளு உட்டு அவளை இங்க வரச் சொல்றேன், இரு."

"ஜகாத்துக் காசை யாரையும் வரச்சொல்லிக் குடுத்ததில்லைங்க. அவகிட்டக் கேக்க வேண்டிய மன்னிப்பும் அப்படித்தானுங்க."

காத்தானை விடுவிக்கும் வேலையைப் பார்க்க சென்னிமலை எழுந்தார். அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். எட்டு நாளாக அந்த வீட்டுக்குப் போய்வந்த வெண்கலப் பாத்திரம் இந்த முறை போகவில்லை. வெறுங்கையோடு அவளே போனாள்.